அலகில் வந்த ரத்தம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு முழங்காலில் தொடங்கி, ரத்தக் கொதிப்புக்குப் போய், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதியில் வந்து நிற்கிறது. யாருக்கு எத்தனை மாத்திரை என்று அதில் ஒரு பெருமை வேறு. பல்லைப் பற்றி மட்டும் பேச்சே வராது. போனால் போகட்டும், செட்டு கட்டிக்கொள்ளலாம் என்ற தைரியம் நமக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன், போன மாதம் வரைக்கும்.

கீழ்வரிசையில் ஒரு பல் ஆட ஆரம்பித்தது. வலி கிடையாது. நாக்கால் தள்ளினால் கதவு மாதிரி போய்ப் போய் வந்தது. மகள் திட்டிய திட்டில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், சின்னப் பெண். ஊசி மாதிரி ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஈறுக்குள் விட்டு விட்டுப் பார்த்தாள். பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். துப்பினேன். வெள்ளைத் தொட்டி முழுக்கச் சிவப்பு.

"ஆண்ட்டி, ஓகேவா? தலை சுத்துதா?" என்று தோளைப் பிடித்தாள்.

தலை சுற்றவில்லை. அந்தச் சிவப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தைப்பூசக் காலையில், என் தாய்மாமாவின் தாடையில்.

அப்போது நாங்கள் ஜெலுத்தோங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீட்டு வரிசையில் இருந்தோம். எங்களுக்கு நாலு வீடு தள்ளி மாமா வீடு. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. பெரிய சாலையோரப் பட்டறையில் வெல்டிங் வேலை. சட்டையிலெல்லாம் தீப்பொறி விழுந்த பொத்தல்கள் இருக்கும், அந்தப் பொத்தல்களில் நான் விரலை விட்டு விளையாடுவேன். எங்கள் வரிசையிலேயே அவர்தான் நன்றாகச் சிரிக்க வைப்பார். ஆனால் அவர் சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மூடிக்கொள்வார். பக்கத்தில் வந்து பேசினால் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டுதான் பேசுவார். மரியாதைக்காரர் என்று நான் நினைத்திருந்தேன். பெண்பிள்ளை மாதிரி வெட்கம் என்று அம்மா கேலி செய்வாள்.

இப்போது தெரிகிறது. பாவம், வாய் நாற்றம் அடுத்தவருக்கு வரக்கூடாது என்றுதான் அப்படி இருந்திருக்கிறார்.

அந்தக் காலத்துப் பல்பொடி உங்களுக்கு நினைவிருக்கும். தகர டப்பாவில் வரும், ரோஸ் நிறம், கொஞ்சம் இனிக்கும்கூட. பொடியைத் திருட்டுத்தனமாகத் தின்னாத பிள்ளை அந்த வரிசையில் இல்லை. பொதுக் குழாயடியில் ஆண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் தேய்ப்பார்கள். காறித் துப்பும் சத்தத்தில்தான் எங்களுக்குப் பொழுது விடியும். வாய்க்காலில் ரோஸ் நிறத் தண்ணீர் ஓடும். மாமா துப்பியது மற்றவர்கள் துப்பியதைவிடக் கூடுதலாகச் சிவந்திருக்கும். அதில் எது பொடி, எது ரத்தம் என்று யார் உட்கார்ந்து பார்த்தது?

அந்தத் தைப்பூசத்துக்கு முந்தின வருடம் எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண் இரண்டும் மஞ்சள் பூசியது போல ஆகி, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். பிழைக்க மாட்டேன் என்று எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்களாம். மாமா வேலை உடுப்போடு ஓடி வந்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாராம்: புள்ள பொழைச்சா வர்ற பூசத்துக்குக் காவடி எடுத்து வாயில அலகு குத்திக்கிறேன். நான் பிழைத்தேன். "எம்புள்ளைக்கு உசுரு குடுத்தவன் என் தம்பி" என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வருடம் அம்மா வீட்டில் எது சமைத்தாலும் முதல் கிண்ணம் தம்பிக்குத்தான் போகும்.

பள்ளிக்கூடம் திறந்த மாதம் அது. நான் நாலாம் வகுப்பு. புதுக் காலணிக்கு வெள்ளை அடித்துக் கூரைமேல் காய வைத்தால் மதியத்துக்குள் ஓடு மாதிரி காய்ந்துவிடும், அவ்வளவு வெயில். காற்று அசையாது. மாமா மண்டல விரதத்தில் இருந்தார். மஞ்சள் வேட்டி, தரையில் படுக்கை, குளிர்ந்த தண்ணீர்க் குளியல், ஒருவேளைச் சோறு. மாமாவின் மனைவியான அத்தையும் அவரோடு சேர்ந்து விரதம். அவர்கள் வீட்டுச் சட்டி பானை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து, அசைவ வாடை இல்லாமல் பண்ணிவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் ஒரு கருவாட்டுத் துண்டு போய்விடக் கூடாது. வேண்டுதலே எனக்காக என்பதால் எனக்கு அங்கே ராஜமரியாதை. மாமா இலையில் இருக்கும் அப்பளத்தை உடைத்துப் பாதி எனக்குத் தருவார்.

விரதத்தில் அவருக்கு ஓயாத தாகம். ஒரு பெரிய எனாமல் ஜாடி நிறையத் தண்ணீர் வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகும். பின்னால் கக்கூசுக்கு நடந்துகொண்டே இருப்பார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. வாயில் வாடை அதிகமாகிவிட்டது என்று அத்தை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னபோது, அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"சூடுலா. வெறும் வயிறு, இந்த வெயிலு வேற. வேற என்னா இருக்கப் போவுது?"

சூடு! நம் ஆட்களுக்கு இந்த ஒரு சொல் போதும். கண் எரிந்தால் சூடு, கட்டி வந்தால் சூடு, ஈறு வீங்கினால் சூடு, ஆள் இளைத்தால் சூடு. சூட்டைத் தணிக்க அம்மா தினமும் பார்லித் தண்ணீர் காய்ச்சினாள். தம்பிக்குத்தானே என்று கை தாராளமாகச் சர்க்கரையைக் கொட்டும். அதில் பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு மிதக்க விடுவாள். அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தூக்குச் சட்டியில் ஊற்றி நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். "எங்கக்கா கைமணம்லா இது" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு மாமா மறுபடி தண்ணீர் ஜாடியைத் தேடுவார். அத்தனை பாசத்தையும் சர்க்கரையாகக் கரைத்து அவருக்கே ஊற்றியிருக்கிறோம்.

தைப்பூசத்தன்று விடிந்தும் விடியாமலும் ஆற்றோரத்தில் கூட்டம். உறுமி மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. சாம்பிராணிப் புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் அண்ணன் எலுமிச்சம்பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் நின்றான். அப்போது அவனுக்கு மீசை அரும்புகிற வயது. அலகு குத்துபவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். முதலில் முதுகில் கொக்கிகளை மாட்டினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கூட்டம் "வேல் வேல்" என்றது. அம்மா பூரித்துப்போய் அழுதாள். விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது, வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. அது நம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு வாய். சாமி திருநீறைப் பூசி, மாமாவின் வாய்க்குள் கட்டை விரலை விட்டு ஈறோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, வெள்ளி வேலைக் கன்னத்தில் செலுத்தினார். மாமா அசையவில்லை. வேல் மறுகன்னம் வழியாக வெளியே வந்தது. கன்னத்தில் ரத்தமே இல்லை, நான் பார்த்தேன். அடுத்த நிமிடம் உதட்டோரத்திலிருந்து வழிய ஆரம்பித்தது. தாடையில் இறங்கி, நெஞ்சில் பூசியிருந்த திருநீறைக் கரைத்து, மஞ்சள் வேட்டி வரைக்கும் வந்துவிட்டது.

"ரத்தம்லா! ரத்தம் வருது!" என்று யாரோ கத்தினார்கள். மேளம் நின்றுவிட்டது.

சாமி இன்னும் திருநீறை அள்ளி அப்பினார். நிற்கவில்லை. வேலை உருவி எடுத்துவிட்டு மாமாவின் முகத்தை நிமிர்த்தினார். "என்னா நடந்துச்சு? உண்மையச் சொல்லு. கவுச்சி பட்டுச்சா? வேற எதாச்சுமா?"

மாமா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். பேச வாயைத் திறந்தால் பல்லெல்லாம் சிவப்பு. கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அம்மா மாமாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். என்னை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டு, "எம்புள்ள உசுருக்கு வேண்டிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியேடா பாவி" என்று கத்தினாள். அந்தச் சேலைக்குள் எனக்கு மூச்சு முட்டியது. நான் செத்துப்போகப் போகிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

அலகு இல்லாமல் காவடியை மட்டும் தூக்கிக்கொண்டு மாமா தண்ணீர்மலைக்கு நடந்தார். சாலையில் வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியில் இருந்த கறையை ஊரே பார்த்தது. பாதி வழியில் அத்தை தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ கொடுத்த மோர் கையிலேயே இருந்தது, குடிக்காமல் அழுதுகொண்டிருந்தாள். புருசன் பண்ணிய தப்புக்கு அவமானப்பட்டு அழுகிறாள் என்று பெண்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள்.

அன்றைக்கு மறுநாளிலிருந்து பார்லித் தண்ணீர் நின்றது. கள்ளுக்கடைப் பக்கம் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பட்டறைக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். ஒரு வாரத்தில் மாமா செய்யாத பாவமே இல்லை என்றாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுப் படியில் வந்து நின்றார்.

"அக்கா, புள்ள மேல சத்தியமா நா ஒண்ணும் பண்ணலக்கா."

"அவ மேல சத்தியம் பண்ணாத! ஏற்கெனவே பண்ணது பத்தாதா?" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கும்வரை அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அத்தை மட்டும் வந்துகொண்டிருந்தாள், அதுவும் பின்வாசல் வழியாக. நான் தும்மினால் போதும், எப்படித்தான் தெரியுமோ, வந்துவிடுவாள். என் கண் இமையைக் கீழே இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பாள். நெற்றியைத் தொடுவாள். சாப்பிட்டாயா, ஒன்றுக்கு எந்த நிறத்தில் போகிறது என்று தொணதொணப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பிள்ளை இல்லாதவள், வேறு என்ன செய்வாள் என்று அம்மா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

மாமாவின் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. முருகன் தண்டனையை வாயிலேயே கொடுத்துவிட்டான் என்றார்கள். நான் பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் படித்தபோது பட்டறையில் அவர் காலில் ஒரு பொறி விழுந்தது. பட்டாணி அளவுப் புண். ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில்தான் இனிப்பு நீர் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் விரல் போனது, அப்புறம் பாதம் போனது, பிறகு அவரும் போய்விட்டார். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "சாமிக்குக் குடுத்த வாக்கு, சும்மா விடுமா?" என்றாள். அம்மாவும் போய்ப் பல வருடமாகிறது. ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. என் அண்ணன் இப்போது கோலாலம்பூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். குடும்பத்தில் யார் காவடி எடுத்தாலும் அவன்தான் முன்னால் நிற்கிறான். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து, "வெரதத்துல வெளையாடுனா நம்ம மாமா மாதிரிதான் ஆகும்" என்று ஆரம்பிப்பான். அவரை நேரில் பார்த்திராத பிள்ளைகளுக்கும் அவர் விரதம் முறித்த மாமாதான்.

இத்தனையையும் அந்தச் சின்ன டாக்டரிடம் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"பாக்காம சொல்ல முடியாது ஆண்ட்டி. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா ஈறு ரொம்பக் கெட்டுப் போயிருக்கணும். அந்த நெலமையில கட்ட வெரல வெச்சு அழுத்துனா ரத்தம் ஊத்தத்தான் செய்யும். அலகு குத்தணும்னே இல்ல, அழுத்திப் பல்லு தேச்சாலே வரும்."

"அந்த இனிப்பு நீரு?"

"ரெண்டும் கூட்டாளி ஆண்ட்டி. சுகர் ஏறுனா ஈறு கெடும். ஈறுல சீழ் இருந்துக்கிட்டே இருந்தா சுகர் எறங்காது. இருதயத்துக்கும் நல்லதில்ல. உங்களுக்கும் சுகர் இருக்குல்ல, அதுதான் நடக்குது, நா சொல்றது கேக்குதா?"

எனக்கு என் பல்லைப் பற்றி ஒன்றும் காதில் ஏறவில்லை. ஈறு. வெறும் ஈறு! அதற்காக ஒரு மனிதனை உயிரோடு இருக்கும்போதே ஒதுக்கி வைத்தோமே என்று அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. காரை நேராகக் கடல் பாலத்துக்கு விட்டேன். அத்தை அக்கரையில், செபராங் ஜெயாவில், தன் தங்கை மகள் வீட்டில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, நடைதான் குறைந்துவிட்டது.

டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அது அந்த லக்சாவால இல்லியா?" என்றாள்.

"எந்த லக்சா, அத்தை?" புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்டுத் தருவார்களே, அதற்கும் மாமாவுக்கும் என்ன?

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "பூசத்துக்கு நாலஞ்சு நாளு இருக்கும்போது பசாருக்குப் போனேன். ஒரு மாசத்துக்கு மேல வெறும் சாம்பாரும் ரசமும். அந்த லக்சாக்காரன் தள்ளுவண்டிய வாசல்ல நிறுத்தி மூடியத் தொறந்தான் பாரு, எனக்கு மயக்கமே வந்துருச்சு. மீனு கண்ணுக்கே தெரியலையே, கரைஞ்சுதானே கெடக்குன்னு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டு நின்ன நெலையில ஒரு மங்கு குடிச்சேன். அந்தக் கறுப்பு ஊடான் சாந்து, எறால்ல செஞ்சது, அதையும் போட்டுத்தான். வீட்டுக்கு வந்து அதே கையால அவருக்குச் சோறு போட்டேன்."

ஒரு கிண்ணம் லக்சாவா!

"ரத்தத்தப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, நாந்தான்னு. ஒனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு தெனமும் செத்துச் செத்துப் பொழைச்சேன். அதான் ஓடி ஓடி வருவேன். நீ மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவ."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே அத்தை. ஒங்களாலயும் இல்ல, மாமாவாலயும் இல்ல. ஈறுதான்."

"ஈறாவே இருக்கட்டும்." அவள் சுருட்டிய தலைப்பை விட்டுவிட்டாள். "அன்னைக்கு நா வாயத் தொறந்து நாந்தான்னு சொல்லியிருந்தா, ஒங்கம்மா எங்கிட்ட சண்ட போட்டிருப்பா. தம்பிகிட்ட போட்டிருக்க மாட்டா. அவரு ராத்திரியில தூங்காம, 'நா என்னா தப்பு பண்ணேன், நா என்னா தப்பு பண்ணேன்'னு எங்கிட்டயே கேப்பாரு. நா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். பயந்துட்டேன். அவரு சாகுற வரைக்கும் சொல்லல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தோலும் எலும்பும்தான் இருந்தது. மாமாவை நினைத்தால் அவள்மேல் கோபம் வந்தது. ஒரு மங்கு லக்சாவுக்கு இத்தனை காலம் தண்டனை அனுபவித்தவளைப் பார்த்தால் அந்தக் கோபமும் நிற்கவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம். தங்கை மகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் கலக்கப் போனாள்.

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒங்கண்ணன் இன்னும் அந்தக் கதையச் சொல்லிக்கிட்டுத் திரியிறானா?"

"ஆமா அத்தை. போன பூசத்துக்கும் சொன்னான்."

"ஃபோனப் போடு."

"நா பக்குவமா எடுத்துச் சொல்றேன் அத்தை. ஈறு, டாக்டரு சொன்னதுன்னு."

"ஈறப் பத்தி நீ அப்புறமா சொல்லு. மொதல்ல நா சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. போடுன்னா போடு."

போட்டேன். சத்தமாகக் கேட்கும்படி வைத்து அவள் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. அதற்கு நடுவில் அண்ணன் குரல்.

"அட, அத்தையா? என்னா அதிசயமா இருக்கு! நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா அத்தை?"

அத்தை இரண்டு கையாலும் ஃபோனைப் பிடித்து வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.

"சாப்ட்டேன்டா. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."